முத்துலிங்கம் ஏன் ஒருவரையும் வீட்டுக்கு அழைக்கவில்லை

எங்களோடு பல்கலைக்கழகத்தில் படித்தவர்களில் மூன்று பேர் 1994க்குள் இறந்துபோனார்கள். அவர்களுக்காக ஒரு நினைவு மலர் போடத் தீர்மானித்தோம். அச்சுத்தாளுக்குத் தட்டுப்பாடு, கோடு போட்ட கொப்பித் தாளில்தான் அடிக்க வேண்டும். மற்ற இருவரைப் பற்றியும் எழுதப் போட்டி. மலேரியாவில் போன முத்துலிங்கத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இரண்டு வரிக்கு மேல் ஓடவில்லை. அவன் வீட்டு வாசல்கூட எவருக்கும் தெரியாது.

"மலைநாட்டுச் சனமெல்லோ, தாய் தேப்பனைக் காட்ட அவனுக்கு வெக்கம். சோதினைப் பெறுபேற்றை மட்டும் எழுதி முடிச்சுவிடும்" என்றான் மலருக்குப் பொறுப்பான றொமேஸ்.

எனக்கு அது செமிக்கவில்லை. முதலாம் வருடம் கண்டவனையெல்லாம் "எங்க வீட்டுக்கு வாங்க" என்று கூப்பிட்டவன் அவன். பிறகு திடீரென்று நிறுத்திவிட்டான். ஏன்? ஒரு விஷயத்தின் வாலைக் கண்டால் தலையையும் பார்க்காமல் எனக்குச் சோறு இறங்காது. விடுப்புக்காரன், ஊர்க்கதை துருவுகிறவன் என்று வீட்டில் ஏசுவார்கள். ஏசட்டும். என் ஊரான தண்ணீரூற்றிலிருந்து அவன் ஊரான நெடுங்கேணிக்குச் சைக்கிளை உழக்கி, விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன்.

தாய் மீனம்மா தோட்டத்தில் கச்சான் கடலைச் செடி பிடுங்கிக்கொண்டு நின்றார். எழுபத்தேழுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்தை விட்டு ஓடிவந்து, காடு வெட்டி ஆக்கிய நிலம் அது. யாரென்று சொன்னதும் கையைக் கழுவிவிட்டுத் தேத்தண்ணி போட்டுவந்தார். நான் கேள்வியாகக் கேட்டுத் தள்ளினேன். பள்ளிக்கூட வாசல்வரை செருப்பைக் கையில் கொண்டுபோய் அங்கேதான் போடுவானாம், தேய்ந்துவிடும் என்று. விடுமுறையில் விறகு கட்டி விற்றுப் புத்தகம் வாங்குவானாம். கணக்குப் பிழைத்தால் மாட்டோடு கதைப்பானாம். அதைச் சொல்லிச் சிரித்தார்.

நான் தேத்தண்ணியைக் குடித்து முடிக்கும்வரை பார்த்திருந்துவிட்டுக் கேட்டார். "ஒண்ணு கேக்கவா தம்பி? படிச்ச காலத்துல ஒரே ஒரு சினேகிதரத்தான் இங்க கூட்டியாந்தான். எங்களை நெனச்சு வெக்கப்பட்டானா?"

"அந்த ஒராள் ஆரம்மா?"

"பேரு மறந்துபோச்சு. முத வருஷம். வயித்து வலின்னு சோறும் வேணாம், தண்ணியும் வேணாம்னாரு. மல்லி அவிச்சுக் கொடுத்தேன். அதையும் அப்படியே வச்சுட்டுப் போயிட்டாரு."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. மலைநாட்டார் வீட்டில் பச்சைத் தண்ணீரும் குடிக்காதவர்கள் எங்கள் பக்கத்தில் உண்டு. அவர்களுக்கெல்லாம் அந்த வயிற்று வலி வரும். அதைச் சொன்னால் இந்த மனுசிக்கு நோகும். சொல்லாவிட்டால், பெற்ற பிள்ளை தன்னை நினைத்து வெட்கப்பட்டான் என்றே சாகும்வரை இருப்பார்.

"வெக்கம் உங்களாலை இல்லையம்மா, எங்களாலை" என்றேன். "அவருக்கு வயித்துக்குத்து ஒண்டும் இல்லை. உங்கடை வீட்டிலை வாய் நனைக்க மனமில்லை. இன்னொருத்தனும் வந்து உங்களை நோகப்பண்ணக் கூடாதெண்டுதான் முத்துலிங்கம் பிறகு ஆரையும் கூப்பிடேல்லை."

மீனம்மா என் வெறும் கோப்பையை எடுத்தார்.

"வலி இல்லேன்னு எனக்கு அன்னைக்கே தெரியும் தம்பி. புள்ள மொகம் வாடக் கூடாதுன்னுதான் நம்புன மாதிரி மல்லி அவிச்சேன்." கோப்பையைத் திரும்பவும் கீழே வைத்தார். "எனக்குத் தெரியாதுன்னே நெனச்சுட்டானா? நான் தாங்கியிருப்பேனே. இன்னும் பத்துப் பேரைக் கூட்டியாந்திருக்கலாமே."