அப்பா படுத்த பகல்

ஸ்பிரிட் பஞ்சின் வாசனை. இன்றைக்கும் ஊசி போடுகிற இடங்களில் அது மூக்கில் ஏறினால் எனக்குள் ஒன்றும் அசைவதில்லை. அப்பா கால் நீட்டிப் படுத்திருப்பது மட்டும் தெரியும், சுவரில் மாட்டிய படம் மாதிரி.

எண்பதுகளின் தொடக்கம், அரியலூர். காலமெல்லாம் சுண்ணாம்புக்கல் ஏற்றி இறக்கியவருக்கு இதயம் வீங்கித் தளர்ந்து, நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. படுத்தால் கிணற்றில் மூழ்குகிற மாதிரி இருக்குமாம். வாரக்கணக்காக உட்கார்ந்தே இருந்தார். எதிரே கவிழ்த்த அண்டா, அதன்மேல் தலையணை, அதன்மேல் நெற்றி. ஒரு சொல்லுக்கு ஒரு மூச்சு. பெரிய ஆஸ்பத்திரியில் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று அனுப்பியிருந்தார்கள்.

பக்கத்துத் தெரு டாக்டர் வந்தார். "மார்பியா ஊசி, அபின்லேருந்து எடுக்கிறது. இது நோயைக் குணமாக்காதும்மா. மூச்சுக்குத் தவிக்கிறாரே, அந்தத் தவிப்பு குறையும். கொஞ்சமாத்தான் போடுவேன்."

"அபினுங்களா?" என்றாள் அம்மா. "வேணாங்க. தூங்குனா எந்திரிக்க மாட்டாரு."

அப்பா தலையைத் தூக்கினார். "போட... சொல்லு... நீ... இப்படி... உக்காந்து... பாரு."

டாக்டர் போட்டார். கொஞ்ச நேரத்தில் தோள்கள் இறங்கின. விலா எலும்புகள் மல்லுக்கட்டுவதை விட்டன. தலையணைகளை அடுக்கிச் சாய்த்தோம். தானே காலை நீட்டினார். இரைப்பு முழுதாய் நிற்கவில்லை, ஆனால் அது வேறு யாருக்கோ இரைப்பது போலக் கிடந்தார். அம்மா அவர் நெஞ்சிலிருந்து கையை எடுக்கவேயில்லை. இத்தனை நாள் உட்கார்ந்திருந்த ஆளைக் கால் நீட்டிப் படுக்க வைத்தால் ஊர் என்ன நினைக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

கல்லங்குறிச்சியிலிருந்து வந்த அத்தை அதையேதான் நினைத்தாள். நிலைப்படியிலேயே, "என் பொறப்பே, போயிட்டியா!" என்று மாரில் அடித்துக்கொண்டாள்.

அப்பா ஒற்றைக் கண்ணைத் திறந்தார். "எங்கயும் போவல. கத்தாத. இப்பத்தான் படுத்தேன்."

அம்மா சிரித்துவிட்டாள். சாயங்காலம் பார்க்க வந்த டாக்டரிடம் அவளே கேட்டாள்: "நாளைக்கும் போடுவீங்கதானே?"

மறுநாள் நான் பெரம்பலூரில் வேலைக்கு நிற்க வேண்டும். பையைத் தூக்கிக்கொண்டு அவர் பக்கத்தில் நின்றேன். "வரேம்ப்பா" என்றேன்.

எங்களுக்குள் கடைசிப் பேச்சு அதுதான். இடையில் ஒரு இடத்திலும் நிற்காமல், மூச்சு வாங்காமல் அப்பா சொன்னார்:

"பஸ்ஸுல ஜன்னலோரமா உக்காரு, நல்லா காத்து வரும்."