கேசட்டில் இல்லாத மீதிப் பாட்டு

இன்று தாம்பரம் ரயிலில் கல்லூரித் தோழன் ஸ்டீபனைப் பார்த்தேன்.

தொண்ணூறுகளில் எங்களுக்கென்று ஒரு ராக் பாட்டு இருந்தது. யாருக்கும் அடங்கமாட்டேன் என்று பாடகன் கத்துவான். தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷன் பக்கத்து ரெக்கார்டிங் கடையில் பதிந்த கேசட்டில், அந்தக் கத்தலோடு டேப் தீர்ந்துவிடும். அதிலிருந்துதான் கல்லூரியே காப்பி எடுத்தது. மேடையில் பாடும்போதும் அங்கேயே நிறுத்திக் கைதட்டல் வாங்கினோம்.

இன்று அதைப் போனில் போட்டு, இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டிக் கேட்டோம். கத்தல் முடிந்தது. பாட்டு முடியவில்லை. கிடார் மெதுவாகிறது, பாடகன் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டு வீடு திரும்புகிறான்.

"இன்னா மச்சான் இது? இதைக் கேட்டுட்டுத்தானே நான் வூட்டை வுட்டுப் போனேன்?" என்றான் ஸ்டீபன்.

பல்லாவரம் வருவதற்குள் அந்தக் கடைசிப் பகுதியை இன்னும் இரண்டு முறை போட்டுக் கேட்டோம்.

அந்தக் கேசட்டிலிருந்து காப்பி எடுத்தவர்கள் யாராவது சொல்லுங்கள்: நம் தலைமுறைக்காகப் பேசியது அந்த ராக் பேண்டா, பாதியில் தீர்ந்த அறுபது நிமிட டேப்பா?