இலஞ்சித் தெருவில் ஒரு வெள்ளைச் சேலை

தென்காசியிலிருந்து இலஞ்சிக்கு நான் நடந்து போய்வந்த அந்த வருடங்களில், என்னைக் கண்டு திரும்பிப் போகாத வில்வண்டி கிடையாது. பெண் பார்க்கவோ பத்திரம் பதியவோ கிளம்பியவர்கள், தெருமுனையில் நான் வருவது தெரிந்ததும் வண்டியைத் திருப்பி வீட்டுக்குப் போய், ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்புவார்கள். "ஏட்டி, எதுக்க வராதேன்னு எத்தன தடவ சொல்லுதது? அங்கனயே நில்லு" என்று ஒரு அண்ணாச்சி வண்டியில் இருந்தபடியே கத்துவார். நானும் வாய் மூடி இருக்கிறவள் இல்லை. "ரோடு சர்க்கார் ரோடுதான அண்ணாச்சி" என்பேன். ஆனால் வேலியோரமாக ஒதுங்கித்தான் நிற்பேன். வண்டி போன பிறகு அழுகை வரும். அழுத முகத்தோடு யார் வீட்டுக்குள் போவது என்று முந்தானையால் துடைத்துக்கொண்டு நடப்பேன்.

வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வேதம் வாசித்துக் காட்டுவது என் வேலை. சபையில் அதற்குச் சம்பளமும் உண்டு, சீருடையும் உண்டு. வெள்ளைச் சேலை, வெள்ளை ரவிக்கை, ஒரு கறுப்புக் குடை, தோளில் துணிப்பை. பொட்டு, பூ, நகை எதுவும் கிடையாது. எனக்கு அப்போது நாற்பது வயது நெருங்கியிருந்தது, கல்யாணம் ஆகியிருக்கவில்லை. எங்கள் சபையாருக்கு என் கோலம் சுத்தமாகப் பட்டது. இலஞ்சித் தெருவுக்கு அது தாலி அறுத்தவளின் கோலம்.

வந்த புதிதில் சொல்லிப் பார்த்தேன். குழாயடியில் குடத்தோடு நின்ற பெண்களிடம், "எனக்குக் கல்யாணமே ஆகலம்மா" என்றேன். அவர்கள் சிரித்த சிரிப்பு தென்காசிக் கோபுரம் வரைக்கும் கேட்டிருக்கும். "இம்புட்டு வயசுக்குக் கலியாணம் கட்டாம எந்த வீட்டுல வச்சிருப்பாவ? நல்லாத்தான் சொல்லுதா கதை" என்றாள் ஒருத்தி. அத்தோடு சொல்வதை விட்டுவிட்டேன்.

தவறாக நினைத்துக்கொள்ள அவர்களுக்கு வேறு காரணங்களும் இருந்தன. மிஷனில் பால்பவுடர் கொடுக்க வருகிறவள் என்று நினைத்துப் பிள்ளைகள் என் பையைப் பிடித்து இழுத்து, "பால்பவுடர் கொண்டாந்தியளா?" என்று கேட்கும். இல்லை என்றால் பின்னே எதற்கு வருகிறாய் என்பதுபோல் பார்க்கும். சாரல் மாதங்களில் குற்றாலத்துக்குப் போய் அருவிக்கரையில் வேத வசனம் அச்சடித்த கைப்பிரதி கொடுப்பேன். எண்ணெய் தேய்த்துக்கொண்டு வரும் கூட்டம் மரியாதையாக வாங்கி, எண்ணெய்க் கையைத் துடைத்துப் போடும். சிலர் சீயக்காய்த்தூளை அதிலேயே பொட்டலம் கட்டிக்கொள்வார்கள். அருவிச் சத்தத்தில் நான் பேசுவது எனக்கே கேட்காது. சொட்டச் சொட்ட நனைந்துகொண்டு, நம்மை இங்கே அனுப்பினவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாரா என்று மனதுக்குள் சண்டை போடுவேன்.

எங்கள் வேலையை மேற்பார்வை பார்த்த அம்மாள் ஒரு நாள் கூப்பிட்டு, "இலஞ்சியை விட்டுடு. அங்கே ஒருத்தரும் கேட்கப்போறதில்லை. ஆய்க்குடிப் பக்கம் போ" என்றார். எனக்குச் சுருக்கென்றது. "ஒரு வீடு கேட்குதும்மா. அந்த ஒரு வீட்டுக்காகவாவது அங்க போக விடுங்க" என்று கெஞ்சினேன். எனக்குக் கெஞ்சிப் பழக்கமில்லை. அந்த வீட்டுக்காகக் கெஞ்சினேன்.

தெருவின் கடைசியில், தென்னந்தோப்பை ஒட்டிய வீடு அது. வீட்டுக்காரருக்கு வயல் இருந்தது. அவர் மனைவி என்னைவிடச் சில வயது இளையவள். ஒரே மகளைச் செங்கோட்டையில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். முதன்முதலில் நான் மழைக்கு அவர்கள் வீட்டு ஓரத்தில் ஒதுங்கி நின்றபோது, கதவைத் திறந்து, "உள்ள வாங்க யக்கா, நனையுதீயளே" என்றாள். அந்தத் தெருவில் எனக்குத் திறந்த முதல் கதவு. கடைசிக் கதவும் அதுதான். செம்பில் தண்ணீர் தந்தாள். ஈரத்தலை துவட்ட ஒரு துண்டும் தந்தாள்.

அதற்குப் பிறகு வாராவாரம் போனேன். அவள் சுளகில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டே கேட்பாள். எத்தனை பகுதி வாசித்தாலும் கடைசியில் அவளுக்கு ஒரே கதை வேண்டும். ஊர் வாசலில் ஒரு பிணம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். செத்தவன் ஒரு விதவைக்கு ஒரே பிள்ளை. ஆண்டவர் எதிரே வந்து பாடையைத் தொட்டு அவனை எழுப்பித் தாயிடம் கொடுக்கிறார். "அந்த ஒத்தப் புள்ளக்காரி கதையச் சொல்லுங்க யக்கா" என்பாள். சொல்லி முடிக்கும்போது சுளகை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். விதை முளைத்துவிட்டது என்று நான் நினைத்தேன். திரும்பி வரும் வழியில் வயல் வரப்பில் நின்று நன்றி சொல்வேன், வாய்விட்டு.

ஒன்று மட்டும் கவனித்திருந்தேன். வீட்டுக்கு வந்துபோகும் மற்றப் பெண்களுக்குக் குங்குமச் சிமிழை நீட்டுவாள், பூ கிள்ளிக் கொடுப்பாள். எனக்கு நீட்டியதே இல்லை. வேதக்காரி வைத்துக்கொள்ள மாட்டாள் என்று மதிக்கிறாள் என எடுத்துக்கொண்டேன். எவ்வளவு நாகரிகமான பெண் என்று மேற்பார்வை அம்மாளிடம் பெருமைகூட அடித்தேன்.

ஒரு மழைக்காலத்தில் அவள் வீட்டுக்காரர் காய்ச்சலில் படுத்தார். ஜெபம் பண்ணினேன். தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிழைக்கவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடியட்டும் என்று காத்திருந்து, ஒரு மத்தியானம் போனேன்.

உள்ளறை மூலையில் பாயில் உட்கார்ந்திருந்தாள். வெள்ளைச் சேலை. நெற்றியில் ஒன்றுமில்லை. கழுத்தில் ஒன்றுமில்லை. ஒரு நிமிடம் அவளும் நானும் ஒரே வீட்டுப் பெண்கள் மாதிரி இருந்தோம். பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒங்களுக்கு எப்பக்கா போச்சு? சின்ன வயசுலயா?"

எனக்கு முதலில் புரியவில்லை.

"இத்தன வருசமா நான் கேட்டதில்ல. அறுத்தவகிட்ட அதக் கேக்கக் கூடாதுல்லா. பாவம், ஒரு வாய்த் தண்ணி குடுக்க நாதியில்லாம தெருத்தெருவா அலையுதாளேன்னுதான் அன்னைக்குக் கதவத் தொறந்தேன். இப்ப நானும் ஒங்க கூட்டந்தான். சொல்லுங்க, எப்படித் தாங்குனிய?"

"அப்போ அந்தக் கதை?" என்று மட்டும் கேட்டேன்.

"அதச் சொல்லும்போது ஒங்க மொகம் தெளியும். அதான் சொல்லச் சொல்லுவேன்."

வருடக்கணக்காக ஆண்டவருக்கு ஆதாயம் பண்ணியதாக நான் நினைத்திருந்த ஒரே ஆத்துமா, வருடக்கணக்காக எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தது. ஆமாம், சின்ன வயதில் போய்விட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் என்றைக்கும் என் கையை விடமாட்டாள். அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"எனக்குக் கல்யாணமே ஆகல தங்கச்சி. இது எங்க வேலைக்கு உள்ள உடுப்பு."

கையை விட்டுவிட்டாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வேணும்னேயா கட்டுனிய? யாரும் அறுக்காம, அழாம, நீங்களா எடுத்துக் கட்டிக்கிட்டியளா?" என்றாள். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தாங்கியிருப்பேன். "எனக்கு இத உடுத்திவிட்டப்ப எப்படி இருந்துதுன்னு தெரியுமா ஒங்களுக்கு? போங்கக்கா. போயிட்டு வாங்க."

வெளியே வந்ததும் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. நல்ல சாரல். குடையை விரிக்கத் தோன்றவில்லை. தென்காசி வரைக்கும் நனைந்துகொண்டே வந்தேன். ஆய்க்குடிக்கே போய்விடலாம் என்றிருந்தது. அங்கேயும் இதே சேலையைத்தானே கட்டிக்கொண்டு போகவேண்டும் என்றும் இருந்தது. பெட்டியில் ஒரு நீலச் சேலை கிடந்தது. எடுத்துப் பார்த்துவிட்டு, நீலத்தைக் கட்டிக்கொண்டு அவள் முன்னால் போய் நிற்பது அதைவிடக் கொடுமை என்று திரும்ப வைத்துவிட்டேன்.

மறுவாரம் அதே கிழமையில் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால், போகாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். கதவு சாத்தியிருந்தது. தட்டவில்லை. வாசல்படியில் உட்கார்ந்தேன். தெருவில் போனவர்கள் என்னைப் பார்த்துத் துப்பிவிட்டுப் போனார்கள். கொண்டுவந்த வேதத்தைத் திறக்கவும் மனமில்லை. பொழுது சாயத் தொடங்கியது. எழுந்துவிடலாம் என்று குடையை எடுத்தபோது கதவுக்குப் பின்னால் வளையல் சத்தமில்லாத ஒரு அசைவு.

"யக்கா."

"இருக்கேன் தங்கச்சி."

"அந்த ஒத்தப் புள்ளக்காரி கதையச் சொல்லுங்க. இத்தன நாளு ஒங்களுக்காவக் கேட்டேன். ஒழுங்காக் காதுல வாங்கல. இன்னைக்கு எனக்குச் சொல்லுங்க."

சாத்திய கதவைப் பார்த்துச் சொன்னேன். என் குரல் எனக்கே பழக்கமில்லாததாக இருந்தது. பாடை நின்றது, பையன் எழுந்து உட்கார்ந்தான், தாயிடம் கொடுத்தார் என்று முடித்தேன்.

"அவ புருசன எழுப்புனாரா?"

எத்தனை வீடுகளில், எத்தனை வருடங்கள் அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். அவள் புருஷனை நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

"இல்ல தங்கச்சி. அவர எழுப்பினதா எழுதியில்ல."

"அப்ப அன்னைக்கு வீட்டுக்குப் போனப்பவும் அவ வெள்ளச் சேலதான் கட்டியிருந்திருப்பா."

"ஆமா."

கதவு திறக்கவில்லை. ஆனால் அவள் அந்தப் பக்கம் தரையில் உட்காரும் சத்தம் கேட்டது.

"சரி, மேல சொல்லுங்க" என்றாள்.