சிலிம் ரிவர் தோட்டத்தில் 0214 என்ற எண்

சிலிம் ரிவருக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்துக்கு இந்த ஆண்டு, 1986-இல், இரண்டு முறை போய்வந்தேன். மார்ச்சில் அவர்கள் ஸ்டோருக்கு அலாரம் அமைக்கப் போனேன். செப்டம்பரில் போனதற்குக் காரணம் வேறு. அந்த அலாரம் அச்சடித்த காகிதத்தை நம்பி ஸ்டோர்க்காரப் பெண்ணை வேலையிலிருந்து நிறுத்தப்போவதாகத் தோட்டத்து எழுத்தரான கிராணி தொலைபேசியில் சொன்னார். வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போய்விடும். இதே வேலையாகத் தோட்டங்களுக்குப் போகிறவர்கள் சிலர் விவரம் கேட்டதால் எழுதுகிறேன்.

ஈப்போவில் காலை ஏழு மணி பஸ், நான்கு வெள்ளி எண்பது காசு. ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். வலது பக்கம் உட்காருங்கள், இடது பக்கம் முழுக்க வெயில். ஒன்பது ஐம்பதுக்கு இறங்கி டெக்சி பிடித்தேன். தோட்டத்துக்குப் பதினொரு கிலோமீட்டர், ஐந்து வெள்ளி.

"ரப்பரையே வெட்டிட்டாங்க அக்கா. செம்பனைக்கு எதுக்குலா அலாரம்? மரத்தைத் தூக்கிட்டா போவான்?" என்றார் டிரைவர்.

"மரத்தை இல்லை, புல்லு மருந்தை."

"அப்ப சரி. டவுன்ல நல்ல வெலைக்குப் போவும்."

உண்மையில் அதுதான் போயிருந்தது. பத்து டின் களைக்கொல்லி.

அமைப்பு எளிமையானதுதான். கதவில் காந்தம், உள்ளே அசைவை உணரும் கருவி, உரமூட்டைகளுக்கு மேல் நெருப்பு உணரி, வெளியே சங்கு. எல்லாம் ஒரே பெட்டியில் சேரும். கதவு திறந்து முப்பது வினாடிக்குள் நான்கு இலக்க எண்ணை அழுத்தாவிட்டால் சங்கு ஊதும். எந்த எண், எத்தனை மணிக்கு என்று பெட்டி காகிதத்தில் அடித்துவிடும். மார்ச்சில் அதை அமைத்தபோது, ஸ்டோரைத் திறக்கும் ஐந்து பேருக்கும் மறக்காத எண்ணாகக் கேட்டேன். சம்பளப் பதிவேடான செக்ரோலில் ஆளுக்கொரு எண் உண்டு, அதையே வைக்கலாம் என்றார் கிராணி. ஸ்டோர்க்காரப் பெண் முனியம்மாவின் எண் 214. முன்னால் ஒரு பூஜ்யம் சேர்த்துப் பதிந்தேன். நல்ல ஏற்பாடு என்றுதான் அப்போது நினைத்தேன்.

இப்போது காகிதத்தில், திருட்டு நடந்த ஞாயிறு பகல் 12.47, எண் 0214 என்றிருந்தது. கதவுச் சாவி அலுவலக ஆணியில் எல்லோர் கண்ணிலும் படும்படி தொங்குகிறது. ஆக, ரகசியம் என்று இருந்தது அந்த எண் மட்டும்தான்.

முனியம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். "டவுனுக்குச் சாமான் வாங்கப் போயிட்டேன்" என்றாள். சாட்சி இல்லை. நான் யார் சொன்னாலும் உடனே நம்புகிறவள் அல்ல.

"எண்ணை யாரிடமாவது சொன்னாயா?"

"நான் ஏன்க்கா சொல்லணும்? தெனம் பெரட்டுல கிராணியே கத்துறாரே!"

பெரட்டு என்பது விடியுமுன் ஆட்களை வரிசையாக நிறுத்தி, செக்ரோல் எண்ணைக் கூப்பிட்டுப் பேர் எடுப்பது. நான் அதைப் பார்த்ததே இல்லை. இரண்டு முறையும் பத்து மணிக்கு மேல்தான் போய்ச் சேர்ந்திருக்கிறேன்.

பன்னிரண்டு மணிக்குப் புல் வெட்டும் பெண்கள் திரும்பினார்கள். மேனேஜரை ஸ்டோர் வாசலுக்கு அழைத்து நிறுத்திவிட்டு, "இருநூத்திப் பதினாலு!" என்று கூப்பிட்டேன்.

"முனியம்மா!" என்று ஏழெட்டுக் குரல் ஒன்றாக வந்தது.

"அவளுக்குக் காது மந்தம், இன்னும் சத்தமா கூப்புடுங்க!" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

"ஒனக்குத்தான்டி மந்தம், நூத்தித் தொண்ணூறு!" என்றாள் முனியம்மா.

அவர்களில் ஒருத்தியைக் கதவைத் திறந்து முனியம்மாவின் நம்பரை அழுத்தச் சொன்னேன். மூன்று இலக்கம் அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. "சுழியம் போட்டுப் பாருடி" என்றாள் பக்கத்தில் நின்றவள். அழுத்தினாள். பச்சை விளக்கு எரிந்தது. இருபது வினாடிகூட ஆகவில்லை.

"அப்போ எடுத்தது யாரு மேடம்?" என்றார் மேனேஜர்.

"தெரியாது. எந்த எண் என்று மட்டும்தான் காகிதம் சொல்லும். யார் விரல் என்று அதற்குத் தெரியாது."

"அதை எழுத்துல குடுங்க. இல்லாட்டி மேலே இருக்கறவங்க என்னை விடமாட்டாங்க."

எங்கள் நிறுவனத் தாளில் எழுதினேன்: எல்லோருக்கும் தெரிந்த எண்ணை ரகசிய எண்ணாக வைத்தது தவறு, அதை ஏற்றுப் பதிந்தவள் நான். எங்கள் முதலாளி இதைப் படித்துச் சந்தோஷப்படமாட்டார் என்று தெரியும். ஆனாலும் கையெழுத்திட்டேன். மேனேஜர் படித்தார். முனியம்மாவின் நிறுத்தக் கடிதத்தை மேசையிலிருந்து எடுத்து, குறுக்கே கோடு போட்டுக் கிராணியிடம் கொடுத்தார்.

பிறகு ஐந்து எண்களையும் அழித்துவிட்டு, ஒவ்வொருவரையும் தனியே வரவழைத்து அவரவர் எண்ணை அவரவரே அழுத்தும்படி செய்தேன். மூன்றரை மணிக்கு வேலை முடிந்தது. நாலரை பஸ் கிடைத்தது.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். முதல் நாளே போய் சிலிம் ரிவரில் தங்குங்கள். ஐந்தரை மணிப் பெரட்டைப் பாருங்கள். தோட்டத்தில் எது எல்லோருக்கும் தெரியும், எது தெரியாது என்பது அங்கேதான் விளங்கும். சாவியை ஆணியில் மாட்டவிடாதீர்கள். எண்ணை நீங்கள் தேர்ந்து கொடுக்காதீர்கள், கேட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். முனியம்மா தன் புது எண்ணை அழுத்தும்போது நான் மரியாதைக்கு இரண்டடி தள்ளி நின்றேன். அவள் விரலை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"யக்கா, நீங்களும் அந்தப் பக்கம் திரும்பிக்குங்க."

திரும்பிக்கொண்டேன்.