நான் அடித்த மாதிரிக் கடிதம்

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த சமயத்தில் மலாக்காவின் காஜா பெராங்கில் எங்கள் வரிசை வீடுகள் எல்லாவற்றிலும் குடியுரிமைப் பேச்சுதான். நான் இங்கேயே பிறந்தவள். இந்தியாவிலிருந்து கப்பலில் வந்த அப்பா போன்றவர்கள்தான் விண்ணப்பம் போட வேண்டியிருந்தது. கூடவே ஆங்கிலத்தில் விளக்கக் கடிதம் வைத்தால் நல்லது என்றார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வக்கீல் ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் என்னைத் தேடி வந்தார்கள். அதில் எனக்குப் பெருமை இல்லாமல் இல்லை.

தனித்தனியாக எழுதி மாளாது என்று முழுக் கடிதத்தையும் ஒரே ஸ்டென்சிலில் அடித்துப் பிரதிகள் எடுத்தேன். பெயர், வந்த ஆண்டு, வேலை, இந்த மூன்றுக்கு மட்டும் இடம் விட்டேன். மற்றதெல்லாம் எல்லாருக்கும் பொது.

என்னோடு வேலை செய்த செட்டி வீட்டுப் பெண்ணுக்கு இது பிடிக்கவில்லை. பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் வந்து தங்கிவிட்டவர்கள் என்பதால் அவர்கள் வீட்டுப் பேச்சு மலாய். என்னிடமும் அதிலேதான் பேசுவாள். வந்த கதைக்கு ஒரு பத்தி, வேலைக்கு ஒன்று, ஊருக்குப் போய்த் திரும்பியவர்களுக்கு ஒன்று எனத் துண்டுகளாக அடித்து வைப்போம், ஆளை விசாரித்து வேண்டிய துண்டுகளை மட்டும் கோத்துக் கடிதமாக்குவோம் என்றாள்.

“எல்லார் காலுக்கும் ஒரே சப்பாத்தா, அக்கா?”

“நாளைக்கு ஆபீஸ் முகவரி மாறினா நான் ஒரு ஸ்டென்சில மாத்துவேன். நீ ஒவ்வொரு கடிதமா தேடிக்கிட்டு உக்காந்திருப்ப.”

“நீங்க இடம் விடாத வரியில ஒருத்தருக்கு மாத்தம் வந்தா?”

“யோசிக்காமலா அடிச்சேன்? சும்மா இரு லா.”

கடைசியாக அப்பா வந்தார். நகராண்மையில் சாக்கடை வேலை முடித்து, குளித்து, சட்டை மாட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.

“எனக்கும் ஒன்னு அடிம்மா. மத்தவங்களுக்கு அடிச்ச மாதிரியே.”

மூன்று இடங்களையும் நிரப்பினேன். அவர் கைநாட்டு வைத்தார்.

‘இந்நாட்டில் கால் வைத்த நாள்முதல் வெளியே சென்றதில்லை’ என்று இரண்டாம் பத்தியில் ஒரு வரி இருந்தது. என்னிடம் முதலில் கடிதம் வாங்க வந்தவர்களுக்கு அது உண்மை. அப்பாவோ, எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, தன் அண்ணன் இறந்த செய்தி கேட்டு ஊருக்குப் போய், நிலத் தகராறில் சிக்கி ஒன்றரை வருஷம் கழித்துத்தான் திரும்பினார். தினமும் அவரைக் கேட்டு அழுதவள் நான். அதை மறக்கவில்லை. அந்தத் தாள் எனக்கு மனப்பாடம் என்பதால் அதைப் படிக்கவில்லை, அவ்வளவுதான். கண் காலி இடங்களுக்கு மட்டுமே போனது.

விசாரணைக்கு நானும் கூடப் போனேன். ஊருக்குப் போனதுண்டா என்று அதிகாரி மலாயில் கேட்டார். அப்பா உள்ளதைச் சொன்னார். வெளியே சென்றதில்லை என்றல்லவா இதில் இருக்கிறது என்று அதிகாரி கடிதத்தை மேசைமேல் தள்ளி, இதை யார் எழுதியது என்றார்.

அப்பா என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு, தனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில், “எழுதினவங்க மேல தப்பு இல்ல, துவான். நான்தான் பொய் சொல்லி எழுத வச்சேன்” என்றார்.

நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். அங்கே எழுத்து வேலை பார்த்த இரண்டு கிராணிகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். படித்தவள் தப்பாக எழுதினாள் என்று அவர்கள் நினைப்பார்களே என்றுதான் பயந்தேன். விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள்.

“ஏம்ப்பா அப்படிச் சொன்னீங்க?” என்று வரும் வழியில் கேட்டேன்.

“உங்கிட்ட கடுதாசி வாங்கினவங்க எத்தன பேரு! நீ எழுதுறது பொய்யின்னு ஆயிட்டா அவங்க என்னா ஆவாங்க? நான் ஒரு ஆளுதானே.”

மறுநாள் மிச்சத் தாள்களைக் கிழித்தேன். செட்டி வீட்டுப் பெண் தன் துண்டுகளை என் மேசையில் வைத்தாள். அதன் பிறகு ஒவ்வொருவரையும் உட்காரவைத்துக் கேட்டு எழுதினோம். நேரம்தான் பிடித்தது.

அப்பாவுக்கு மட்டும் எழுத முடியவில்லை. மறுபடி போடலாம் என்று எத்தனையோ முறை சொன்னேன். “பொய்யன்னு எழுதி வச்சிருக்காங்க. போயி இன்னொரு வாட்டி அதையே கேக்கணுமா?” என்பார்.

தேர்தல் வந்தபோது எனக்கு ஓட்டு இருந்தது. அப்பா சைக்கிளில் கொண்டுபோய்ப் பள்ளிக்கூட வாசலில் இறக்கினார். உள்ளே போகிறவர்களில் பாதிப் பேர் என் கடிதத்தில் கைநாட்டு வைத்தவர்கள். “வாங்க, என்ன வெளிய நிக்கிறீங்க?” என்று அவரைக் கூப்பிட்டார்கள்.

“எம் மகளுக்குக் காத்திருக்கேன்” என்று அவர்களிடம் சிரித்தார். என் பக்கம் திரும்பி, “போம்மா, வரிசை நீளுது” என்றார்.