கெட்டவனுக்குக் கொடுத்த குரல்

எல்லோரும் அவளைக் கதைக்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். சொந்தமாக ஒரு வரி எழுதியவள் இல்லை. அடுத்தவர் எழுதிய புத்தகங்களை வாசித்து ஒலிப்பதிவு செய்து கொடுப்பது பிழைப்பு. அதற்கு முன்னால் பேருந்து நிலையத்தில் அறிவிப்பு சொன்னாள். எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று வருஷக்கணக்கில் சொல்லிச் சொல்லியே பழுத்த குரல் அது. இப்போது ஐம்பதை நெருங்கும் வயதில், சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய, கையை நீட்டினால் இடிக்கிற ஓர் அறைக்குள் உட்கார்ந்து வியர்க்க வியர்க்க வாசிக்கிறாள். மின்விசிறி போட்டால் அந்தச் சத்தம் மைக்கில் விழுந்துவிடுமாம்.

போதாக்குறைக்குத் தொண்டையில் புண். "கொஞ்ச நாள் வாயையே திறக்காதீங்க" என்றார் மருத்துவர். நல்லாச் சொன்னார் போங்கள்! வாயைத் திறக்காவிட்டால் அவள் வீட்டில் அடுப்பு எப்படி எரியும்?

இந்தச் சமயம் பார்த்து வந்து சேர்ந்தது ஒரு மர்மக் கதை, பள்ளிக்கூட வயசுப் பிள்ளைகளுக்கானது. ஊரில் பெண்பிள்ளைகள் ஒவ்வொருவராகக் காணாமல் போகிறார்கள், பதினாறு வயசுக்காரி ஒருத்தி துப்புத் துலக்குகிறாள். கதை நல்ல ஓட்டம், குறை சொல்லக்கூடாது. சின்னச் சின்ன அத்தியாயம், அந்தப் பெண்ணுக்கு வாய்த்துடுக்கும் ஜாஸ்தி. ஆனால் ஓட்டைக்கும் பஞ்சமில்லை. போலீஸ்காரர்கள் கதை முடிகிற வரைக்கும் குறட்டை விடுகிறார்கள். பெற்றவர்கள் எங்கே தொலைந்தார்கள் என்று எழுதினவருக்கே தெரியாது. ஆபத்து வரும்போது மட்டும் அவள் போனில் சார்ஜ் இருக்காது. எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை, குற்றவாளிதான். பள்ளிக்கூடப் பாட்டு வாத்தியார். அவர் தலை தெரிந்தாலே "எப்பேர்ப்பட்ட மனிதர்" என்று கதை உருகி வழிகிறது. அந்த உருக்கத்தைப் பார்த்தால் பச்சைக் குழந்தைகூடச் சொல்லிவிடும், இவன்தான் என்று.

கதைக்காரிக்கு மட்டும் தெரியவில்லை. வழக்கமாக முழுப் புத்தகத்தையும் படித்து, யாருக்கு எந்தக் குரல் என்று முடிவு செய்த பிறகுதான் மைக் முன்னால் உட்காருவாள். இந்தத் தடவை உடம்பு ஒத்துழைக்கவில்லை. கண் வாசித்தது, வாய் சொன்னது, மனசு எங்கோ சுருண்டு படுத்துக் கிடந்தது. வாத்தியாருக்கென்று தனிக் குரல் போடத் தெம்பில்லாமல், வாய்க்கு வந்த குரலில் பேச விட்டாள். கடைசிக்கு முந்தின அத்தியாயத்தில் அந்த ஆள் வந்து கூப்பிட, தெரிந்த குரல்தானே என்று அந்தப் பெண் கதவைத் திறக்கிறாள். அவன் கையில் கயிறு.

"அடப்பாவி, நீயா!" என்று மைக்கிலேயே கத்திவிட்டாள் கதைக்காரி.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் தலையில் கை வைத்துக்கொண்டார். "வில்லன் இவ்வளவு சாதுவாப் பேசினா எப்படிக்கா? கேக்கிறவங்களுக்கு ஒரு திகில் வேணாமா? அவன் பேசுற இடமெல்லாம் திரும்ப எடுக்கணும்."

"எல்லாத்தையுமா? தொண்டை தாங்காது தம்பி. இதோட குரலே போயிடும்."

"முடியலன்னா சொல்லிடுங்க. வேற ஆளை வெச்சு முதல்லேருந்து எடுக்கச் சொல்லுவாங்க."

அவர் கெட்டவர் இல்லை, அவருக்கும் மேலே ஆள் இருக்கிறது. கதைக்காரி யோசித்தாள். "இந்தக் கதை யாருக்கோ, அந்த வயசுப் பிள்ளை ஒண்ணு கேட்டுட்டுச் சொல்லட்டுமே" என்றாள். அவளுடைய அக்கா மகள் அவள் வீட்டில்தான் தங்கிப் படிக்கிறாள். பதிவு செய்ததையெல்லாம் அந்தப் பெண்ணின் போனில் ஏற்றிக் கொடுத்தார்கள்.

கேட்டு முடித்ததும், பள்ளிக்கூடம் விட்டு நேராக ஒலிப்பதிவு அறைக்கே வந்து நின்றாள் அவள். "நான் கதையில வர்ற வாட்ச்மேன்னுதான் நினைச்சேன். வாத்தியார் மேல சந்தேகமே வரல."

"ஏம்மா, அவருக்குத்தான் கதை பூரா ஐஸ் வெச்சிருக்காங்களே?" என்றார் ஒலிப்பதிவுக்காரர்.

"புத்தகமாப் படிச்சிருந்தா கண்டுபிடிச்சிருப்பேன். ஆனா அந்தக் குரல் இருக்கே... பாவம், வேலை முடிஞ்சு அலுத்துப்போய் வந்திருக்காருன்னு தோணிச்சு. சித்தி வீட்டுக்கு வந்ததும் 'சாப்டியாடி'ன்னு கேப்பாங்களே, அதே குரல்."

ஒலிப்பதிவுக்காரர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். "ஓட்டையை அடைச்சிட்டீங்கக்கா! ஒண்ணையும் மாத்த வேணாம். மேல நான் பேசிக்கறேன்!"

தொண்டை தப்பித்தது, வேலையும் தப்பித்தது. கதைக்காரி சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. எத்தனையோ குரல் இருக்க, பிள்ளைக்கென்று வீட்டில் வைத்திருந்ததையா அந்தப் படுபாவிக்குத் தூக்கிக் கொடுத்தேன் என்று தன்னையே நொந்துகொண்டாள். பெண்ணை முன்னால் அனுப்பிவிட்டு, மிச்சமிருந்த கடைசி அத்தியாயத்தையும் வாசித்து முடித்தாள்.

வீடு வந்து சேரும்போது பொழுது சாய்ந்திருந்தது. மாடிப்படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. கதவைத் தட்டி, "நான்தான்..." என்று அவள் சொல்லி முடிக்கக்கூட இல்லை, கதவு விரியத் திறந்துகொண்டது.

"யாருன்னு பாத்துட்டுத் திறக்க மாட்டியாடி?" சத்தம் போடத்தான் நினைத்தாள். தொண்டையிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது.

"எதுக்குப் பாக்கணும்?" பெண் சிரித்துக்கொண்டே அவள் கைப்பையை வாங்கிக்கொண்டாள். "உங்க குரல் எனக்குத் தெரியாதா சித்தி?"