நாலாவது பெர்த்

மர்சலின் அக்கா கப்பலைப் பற்றி என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "கிளாடிஸ், கேபினுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்குதா?" என்பதுதான்.

வாந்தி வருமா, சோறு போடுவார்களா, தண்ணீர் உப்புக் கரிக்குமா என்று மற்றவர்கள் கேட்பார்கள். நான் டர்பனிலிருந்து திரும்பிய பிறகு சாந்தோமில் பாதிப் பேர் கேட்டுவிட்டார்கள். ஒரு குஜராத்தி வியாபாரியின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரப் போனவள் நான். சண்டையில் அங்கேயே மாட்டிக்கொண்டு, நாற்பத்தாறில்தான் ஊர் வந்து சேர்ந்தேன். போக வர அந்தப் பிள்ளைகளோடு குடும்பக் கேபினில் படுத்து வந்ததால், தெருவில் யாருக்காவது கப்பல் டிக்கெட் வந்தால் என்னைக் கூப்பிட்டு அனுப்புவார்கள். எனக்கும் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. யார் கூப்பிட்டாலும் போய்விடுவேன்.

மர்சலின் அக்கா கோவில் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். பிறந்தது, படித்தது, கல்யாணம் முடித்தது எல்லாம் ஒரே கோவில் மணிச் சத்தத்துக்குள். கணவர் விக்டர் பினாங்கில் ஒரு ரப்பர் கம்பெனியில் கிளார்க். நாற்பத்தொன்றில் லீவு முடிந்து கப்பல் ஏறினார். அந்த வருஷக் கடைசியில் ஜப்பான்காரன் வந்து வழியை அடைத்துவிட்டான். பிறகு கடிதமே இல்லை. ஆன்மா இளைப்பாறப் பூசை வைக்கச் சொல்லிச் சொந்தக்காரர்கள் நச்சரித்தபோது, இவள் பங்குச் சாமியாரிடம் போய், "செத்தவங்க பூசை வேணாம் ஃபாதர். பிரயாணத்துல கீறவங்களுக்கு ஒண்ணு வைங்க" என்று சொல்லிவிட்டு வந்தாளாம்.

அவள் சொன்னதுதான் பலித்தது. விக்டர் உயிரோடு இருந்தார். இப்போது மனைவிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் கம்பெனி செலவில் குடும்பக் கேபின் ஏற்பாடு செய்திருந்தார்.

பேச்சில் சொன்னால் புரியாது என்று கூடத்துத் தரையில் சுண்ணக்கட்டியால் கேபினை வரைந்து காட்டினேன். இந்தப் பக்கம் கீழே ஒரு பெர்த், மேலே ஒரு பெர்த். அந்தப் பக்கமும் அப்படியே. நடுவில் ஓர் ஆள் பக்கவாட்டில் நடக்கிற வழி. கோடியில் முகம் கழுவும் தொட்டி, அதற்கு மேல் வட்ட ஜன்னல். அலை பெரிதாக இருந்தால் ஜன்னலைத் திருகி மூடிவிடுவார்கள். அப்போது பெயிண்ட் வாடையும் எண்ணெய் வாடையும் சேர்ந்து வயிற்றைப் புரட்டும். எஞ்சின் சத்தம் தலையணைக்குள்ளிருந்து வருவது போல இருக்கும். முதல் ராத்திரி தூங்க விடாது. அப்புறம் சத்தம் நின்றால்தான் விழிப்பு வரும்.

எட்டு வயது லூயிசா கோட்டுக்குள் ஓடிப் போய்ப் படுத்துக்கொண்டாள். "மேல் பெர்த்து எனக்கு!"

"ஆம்பள நான்தான். எனக்குத்தான் மேல" என்றான் ஆம்ப்ரோஸ். பதிமூன்று வயசுக்கு வளர்த்தி கொஞ்சம் கம்மி. உதட்டுக்கு மேல் மட்டும் மெல்லிய கறுப்பு.

"உனக்குக் கீழதான். வாய மூடு" என்ற அக்கா என்னிடம் திரும்பினாள். "படுக்கையோரத்துல பலக வச்சிருப்பாங்களா? கீழ வுழுந்தா தரை இரும்பா, கட்டையா? பக்கத்துக் கேபின்ல சத்தம் கேக்குமா?"

"இருமினாலே கேக்கும் அக்கா."

அவள் முகம் சுருங்கியது. இவள் எதைச் சுற்றிக்கொண்டு வருகிறாள் என்று யோசிப்பதற்குள், கோட்டைத் தாண்டி உள்ளே வந்த ஆம்ப்ரோஸ், "அம்மா, காது அடைக்குது" என்றான். அடுத்த நொடி மரம் போல விழுந்தான்.

தலை விழுந்தது நான் தொட்டி வரைந்த இடத்தில். கோடாக இருந்ததால் பிழைத்தான். கைகால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. அக்கா மடியிலிருந்து ஒரு பெரிய இரும்புச் சாவியை எடுத்து அவன் கைக்குள் திணித்து மூடினாள். அவனை ஒருக்களித்துத் திருப்பினாள். ஒரு சத்தம் போடவில்லை. லூயிசா யாரும் சொல்லாமலே எழுந்து போய்த் தெருக்கதவைச் சாத்தினாள். பிறகு கதவோடு முதுகைச் சாய்த்துக்கொண்டு, தொண்டை கிழிய வாய்ப்பாடு சொல்ல ஆரம்பித்தாள். அண்ணனுடைய முனகல் வெளியே போகாமலிருக்க அந்த வீட்டில் கண்டுபிடித்து வைத்திருந்த வழி அது.

அவன் தூங்கிய பிறகு அக்கா சொன்னாள். நாற்பத்திரண்டில் குண்டு விழும் என்று பட்டணமே காலியானபோது இவர்களும் செங்கல்பட்டுக்கு ஓடினார்களே, அங்கேதான் முதல் தடவை வந்ததாம். பள்ளிக்கூடத்துக்குத் தெரியாது. பங்குக் கோவிலுக்குத் தெரியாது.

"விக்டர் அண்ணனுக்கு?"

"அவரு வுட்டுட்டுப் போனது ஓடியாடிக்கினு இருந்த புள்ளையை. லெட்டர்ல எழுதினா இன்னா சொல்வாரு? 'வைத்தியம் பாத்து முடிச்சுட்டு வாங்க'ம்பாரு. இன்னொரு வருசம் போயிடும். அஞ்சு வருசம் போனது போதும் கிளாடிஸ். அங்க போய் எறங்கினதும் அவரே கண்ணால பாத்துக்கட்டும்."

கப்பல் கம்பெனி ஆபீசுக்கு நானும் துணைக்குப் போனேன். அங்கே டிக்கெட் பார்த்தவர் பத்ரிநாராயணன் என்று ஒரு மயிலாப்பூர்க்காரர். பொறுமையான மனிதர்தான்.

"கேபின்ல நாலு பெர்த்தும்மா. நீங்க மூணு பேர். நாலாவதை இன்னொரு ஸ்திரீக்குக் குடுத்தாச்சு. கப்பலுக்கு ஜனங்க எப்படித் தவம் கிடக்கறான்னு பாக்கறேளோல்லியோ? வேத்து மனுஷி இருக்கற எடத்துல பன்னெண்டு தாண்டின பையனை விடப்படாது. ஆம்பளைகள் கேபின்ல மேல் பெர்த் ஒண்ணு இருக்கு, போட்டுடறேன். பையனுக்கு என்ன வயசு?"

"பதினொண்ணு" என்றாள் அக்கா.

பொய் சொன்ன பிள்ளைகளை வெயிலில் முட்டி போட வைக்கிறவள் அவள். அந்தச் சனிக்கிழமை, செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குக்கூட அவள் போகவில்லை. இனிமேல் செய்யமாட்டேன் என்று சாமியாரிடம் சொல்லியாக வேண்டும். துறைமுகத்தில் அதே பொய்யை மறுபடி சொல்லியாக வேண்டும். இரண்டும் எப்படி முடியும்?

கப்பல் நாள் வரை அந்த வீட்டில் ஒத்திகை நடந்தது. ஆம்ப்ரோஸ் தினமும் பெஞ்சில் படுத்தான். அக்கா கீழே பாய் போட்டு அணையாகக் கிடந்தாள். அவன் பேண்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு அரை நிஜார் தைத்தாள். "மீசை வர்ற வயசுல இதையா மாட்டிக்கினு போறது? பினாங்குல அப்பா சிரிப்பாரு" என்று அவன் கத்தினான். "சிரிக்கட்டும். சிரிக்கறதுக்காவது நீ போய்ச் சேரணும்" என்றாள் அவள்.

துறைமுகக் கொட்டகையில் பெண்களுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் ஒரு வரிசை, ஆண்களுக்கு ஒரு வரிசை. வழியனுப்ப வந்த எங்களைக் கயிறு கட்டி ஓரமாக நிறுத்தியிருந்தார்கள். கயிற்றை ஒட்டியே பெண்கள் வரிசை போனதால் பேசுவது எல்லாம் கேட்டது. வரிசையில் அக்காவுக்கு முன்னால் கனத்த சரீரத்தோடு ஒருத்தி, மூட்டைமேல் ஒரு காலை வைத்துக்கொண்டு நின்றாள். சைதாப்பேட்டை ஆற்றங்கரைக்காரி, பெயர் சுப்பம்மா. பினாங்கில் லாண்டரி வைத்திருக்கும் தம்பி அவளைத் தன்னோடு வந்து இருக்கச் சொல்லி டிக்கெட் அனுப்பியிருந்தான். அக்காவின் சீட்டையும் தன் சீட்டையும் யாரிடமோ காட்டி நம்பர் படிக்கச் சொன்னவள், கையைத் தட்டிக்கொண்டாள்.

"நாலாவது ஆளு நான்தாம்மா! வெள்ளக்காரிகூட போட்ருவானோன்னு பயந்துக்கினு இருந்தேன். இது யாரு, உம் புள்ளையா? இன்னா வயசு?"

"பதினொண்ணு."

"பதினொண்ணா? இன்னா தீனி போட்ற நீ? எங்கிட்ட சொல்லு, எந்தம்பி புள்ளைங்களுக்குப் போடறேன்."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். ஆம்ப்ரோஸ் நிஜாரைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான். அக்கா சிரிக்கவில்லை. அவள் கண் முழுக்க, வரிசைக் கோடியில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த டாக்டர் மேல் இருந்தது.

டாக்டர் சண்முகசுந்தரம் வேகமாகத்தான் பார்த்தார். நாக்கு, கண், அம்மை குத்திய தழும்பு, நெஞ்சில் குழாய், அவ்வளவுதான். சுப்பம்மா நொடியில் தாண்டிப் போய் பெஞ்சில் உட்கார்ந்தாள். லூயிசா தாண்டினாள். ஆம்ப்ரோஸின் வயதைக்கூட அவர் கேட்கவில்லை. சட்டையை மட்டும் தூக்கச் சொன்னார்.

கழுத்தில் மாதா படம் தைத்த உத்தரியக் கயிறு. இடுப்பில் அரைஞாண். அரைஞாணில் அந்த இரும்புச் சாவி.

காலையில் அக்காவே கட்டிவிட்டாளாம். கூட்டத்தில் பிள்ளை கை நழுவிப் போய், அந்த நேரம் பார்த்து வந்துவிட்டால் யார் சாவி கொடுப்பார்கள் என்ற பயம். வெள்ளைக்கார டாக்டராக இருந்திருந்தால் பெட்டிச் சாவி என்று விட்டிருப்பார். இவர் குழாயைக் காதிலிருந்து எடுத்துவிட்டார். சாவியை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"எத்தனை நாளைக்கு ஒரு தடவை வருது?"

"எது டாக்டர்?" என்றாள் அக்கா.

"அம்மா, நானும் இந்த ஊர்லதான் பொறந்தேன்."

வரிசை நகராமல் நின்றது. பின்னால் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. அப்போது ஆம்ப்ரோஸ் சொன்னான்: "மாசத்துக்கு ஒரு தடவை சார். சில மாசம் ரெண்டு." கொஞ்சம் நிறுத்தி, "எனக்குப் பதிமூணு வயசு" என்றான்.

அக்கா கை அவன் தோளில் இறங்கியது. அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். பிடித்துக்கொண்டு மட்டும் நின்றாள்.

டாக்டர் குரலை உயர்த்தவில்லை. "ஆம்பளைங்க கேபின்ல, மேல் பெர்த்துல இவனைப் போடச் சொல்லி நான் கையெழுத்துப் போட மாட்டேன். தாயோட இருந்தா, கீழ் பெர்த்துல, போகலாம். ஆனா அந்தக் கேபின்ல கூட வர்ற அம்மா எல்லாத்தையும் தெரிஞ்சுக்கிட்டு சம்மதிக்கணும். மறைச்சு ஏத்த முடியாது. யார் அவங்க?"

சுப்பம்மாவைக் கூப்பிட்டார்கள். விஷயத்தைக் கேட்டதும் அவள் இரண்டடி பின்னால் போனாள்.

"காக்கா வலிப்பா? ஐயோ, எனக்கு ஆவாதுபா. எங்க தெருவுல ஒரு பொண்ணு இப்படித்தான் தண்ணி மொள்ளப் போய் ஆத்துலயே பூட்டா." பிறகு அக்காவைப் பார்த்து வெடித்தாள். "காலைலேர்ந்து பக்கத்துல நின்னுக்கினு கீற. ஒரு வார்த்த சொன்னியா? கதவ சாத்திக்கினு உள்ள படுத்தப்புறம் நான் பாத்து அலறணுமா?"

"சொன்னா ஒத்துப்பியா?" என்றாள் அக்கா.

"கேட்டாத்தான தெரியும்?"

கொட்டகையில் இருந்த முகங்கள் எல்லாம் அந்தப் பக்கம் திரும்பியிருந்தன. எங்கள் பங்குக் கோவிலைச் சேர்ந்த இரண்டு குடும்பங்கள்கூட அந்தக் கூட்டத்தில் இருந்தன. நாலு வருஷமாகக் கதவைச் சாத்தி வாய்ப்பாட்டுக்கு அடியில் புதைத்த சங்கதியை, மர்சலின் அக்கா அங்கே நின்றுகொண்டு சொன்னாள். "கீழ வுழுவான். கைகால் இழுக்கும், வாயில நுரை தள்ளும். ஒரு தினுசா கத்துவான். நிஜார்லயே ஒண்ணுக்கு போயிடும். கொஞ்ச நேரந்தான். அப்புறம் தூங்கிடுவான். யாரையும் ஒண்ணும் பண்ண மாட்டான். தொத்தாது." ஆம்ப்ரோஸ் காது வரை சிவந்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் நிறுத்தவில்லை. "நான் தரைல படுத்துக்கறேன், அவன் பக்கத்துல. உன் பெர்த்தை நீ வுட வேணாம். நீ மாட்டேன்னா எங்க மூணு பேருக்கும் கப்பல் இல்ல."

சுப்பம்மா அவளைத் தாண்டி நேராகப் பையனிடம் போனாள்.

"டேய் நைனா, இங்க பாரு. வர்றது உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"காது அடைக்கும்."

"அடைச்சா இன்னா பண்ணுவ?"

"அம்மாவக் கூப்பிடுவேன்."

"உங்கம்மா குளிக்கப் போயிருந்தா? என்னக் கூவணும். நான் தூங்கினா இடி வுழுந்தாலும் எழுந்திருக்க மாட்டேன், கால புடிச்சு இழு. வெக்கப்பட்டுக்கினு சும்மா வுழுந்து கெடந்த, நானே கடல்ல தூக்கிப் போட்ருவேன். இன்னா?"

"சரிங்க" என்றான் அவன்.

"எனக்கு பயமாத்தான் கீது டாக்டரே" என்றாள் அவள், புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே. "ஆனா போட்டுக்கோ கையெழுத்து. மேல் பெர்த்துல மட்டும் என்ன ஏறச் சொல்லாதீங்க. ஏறினா கீழ கீறவங்களுக்குத்தான் ஆபத்து."

டாக்டர் கையெழுத்துப் போட்டார். பேனா காகிதத்தை விட்டு எழும் வரை அக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு நேராகக் கயிற்றருகே என்னிடம் வந்தாள். "எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. அவரு ஒருத்தருக்குத்தான் தெரியாது. இன்னைக்கே விக்டருக்குத் தந்தி அடிச்சிடு கிளாடிஸ். புறப்பட்டுட்டோம்னு. ஆம்ப்ரோஸுக்கு இப்படின்னு."

"உடம்பு சரியில்லன்னு போடட்டுமா?"

"வலிப்புன்னே போடு."

"அவர் கோபப்பட்டா?"

"கப்பல் போய்ச் சேர வாரத்துக்கு மேல ஆகுமில்ல? அதுக்குள்ள கோபப்பட்டு முடிக்கட்டும்."

ஏணிப்படிப் பக்கமிருந்து சுப்பம்மாவின் குரல் வந்தது. "ஏ டீச்சரம்மா! நீ வரியா, அங்கயே நின்னு பேசிக்கினு இருக்கப் போறியா? உம் புள்ள என் மூட்டையத் தூக்கிக்கினு தனியா மேல ஏறிப் பூட்டான்!"

அக்கா திரும்பிப் பார்த்தாள். பாதி ஏணியில், தலையில் மூட்டையோடு, ஒரு கையை மட்டும் கயிற்றில் வைத்துக்கொண்டு ஆம்ப்ரோஸ் ஏறிக்கொண்டிருந்தான். கீழே தண்ணீர். என்னிடம் சொல்லிக்கொள்ளாமலே, லூயிசாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அவள் ஓடினாள்.